சிமெண்ட் தரைக்கு வண்ணம்: மேலே பூசுவதா, உள்ளே சேர்ப்பதா?

முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டில் சிமெண்ட் தரை மங்கி, அங்கங்கே பொடி உதிர ஆரம்பித்தால் வீட்டுக்காரரிடம் மூன்று யோசனைகள் வந்து சேரும். பெயர்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்பார் கொத்தனார். பெயர்க்க வேண்டாம், மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பார் டைல்ஸ் கடைக்காரர். கலவையும் டைல்ஸுமாகச் சேர்ந்து தரை ஒன்றரை அங்குலமாவது உயரும் என்பதையும், எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டியிருக்கும் என்பதையும், மாடிப்படியின் முதல் படி மட்டும் குட்டையாகிக் காலை இடறும் என்பதையும் அவர் வேலை பாதி முடிந்தபிறகுதான் சொல்வார். மூன்றாவது யோசனை பெயிண்ட். செலவு குறைவு, இரண்டு மூன்று நாள் வேலை, ஆள் வைக்காமல் வீட்டாரே செய்துகொள்ளலாம்.

இந்த மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்களின் அனுபவம் ஒருபோல் இல்லை. ஒரே கடையில் வாங்கிய ஒரே டின், ஒரு வீட்டில் ஐந்தாறு வருடம் அசையாமல் நிற்கிறது. அடுத்த தெருவில் முதல் மழைக்காலத்திலேயே கொப்புளம் கட்டி, செதில் செதிலாக உரிகிறது. உரிந்ததும் பழி டின்னின் மேல் விழும், அல்லது அடித்த பெயிண்டர் மேல். பெரும்பாலும் இரண்டும் குற்றவாளி இல்லை. வண்ணம் நிற்குமா நிற்காதா என்பதில் பெரும்பகுதி, டின்னைத் திறப்பதற்கு வெகுநாள் முன்பே தரைக்குள் முடிவாகிவிடுகிறது.

தரைக்கு அடியிலிருந்து தொடங்குவோம். நம் ஊர்க் கட்டுமானத்தில் கீழ்த்தளத்துத் தரை என்பது அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே மண்ணோ மணலோ நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் பெரிய ஜல்லி போட்ட நாலு அங்குலக் கான்கிரீட், அதற்கும் மேலே சிமெண்ட் பூச்சு. மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஈரம் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்பு போடும் பழக்கம் பழைய வீடுகளில் இல்லை. புதிய வீடுகளிலும் அரிது. கான்கிரீட் பார்வைக்குக் கல். உள்ளே முழுக்க நுண்துளை. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல மண்ணிலிருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கிறது. வெறும் சிமெண்ட் தரையில் அந்த ஈரம் ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுவதால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதன்மேல் ஒரு பெயிண்ட் படலத்தை விரித்த நாளிலிருந்து ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. அது படலத்தை அடியிலிருந்து தள்ளத் தொடங்குகிறது.

ஈரம் தனியாக வருவதும் இல்லை. மண்ணிலுள்ள உப்பையும், கட்டும்போது கலவைக்கு ஊற்றிய உப்புத் தண்ணீரின் மிச்சத்தையும், சிமெண்டில் இயல்பாகவே இருக்கும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கிறது. சுவரின் அடிப்பகுதியில் இதைப் பார்த்துப் பழகியவர்கள் தரையில் கவனிப்பதில்லை, ஏனென்றால் தினமும் துடைத்துவிடுகிறோம். பெயிண்ட் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு அங்கேயே படிகமாகி வளர்கிறது. உரிந்து வந்த ஒரு செதிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால் சந்தேகம் வேண்டாம், உரித்தது அடியிலிருந்து வந்த தண்ணீர்தான்.

மாடித் தரையின் கதை முற்றிலும் வேறு. அதன் அடியில் மண் இல்லை, காற்று இருக்கிறது. கட்டி முடித்துக் காய்ந்துவிட்டால் புதிதாக ஈரம் ஏற வழியில்லை, குளியலறைக் குழாய் கசிந்தால் ஒழிய. மாடி வீட்டுக்காரர் சொல்லும் வெற்றிக் கதையைக் கேட்டுக் கீழ் வீட்டுக்காரர் அதே பெயிண்டை வாங்குவதில்தான் பாதி வம்பு தொடங்குகிறது.

ஈரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. தடித்த பாலித்தீன் தாளை 45 செ.மீ. சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி கட்டியிருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று பொருள். இது அமெரிக்கச் சோதனை நெறிகளில் இடம்பெற்ற முறை; செலவு மிகக் குறைவு. தொழிற்சாலைத் தரைகளுக்கு இன்னும் நுட்பமாக, கால்சியம் குளோரைடு உப்பைத் தரைமேல் மூடிவைத்து அது எவ்வளவு ஈரம் உறிஞ்சுகிறது என்று எடை போடுவார்கள். 1000 சதுர அடியிலிருந்து 24 மணி நேரத்தில் 3 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.4 கிலோ தண்ணீருக்கு மேல் வெளியேறக் கூடாது என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் எல்லை. நூறு சதுர அடி அறைக்கு இதைக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஒரு டம்ளருக்கும் குறைவான தண்ணீர். அதைத் தாண்டினாலே தரை பெயிண்டுக்கு லாயக்கில்லை.

ஆனால் பாலித்தீன் சோதனையை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பது சோதனையைவிட முக்கியம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறுகிறது. சித்திரை, வைகாசியில் இறங்கிவிடுகிறது. மே மாதத்தில் சோதித்துத் தாளின் அடி உலர்ந்திருப்பதைப் பார்த்து மகிழ்ந்து பெயிண்ட் அடித்தவருக்கு நவம்பரில் கொப்புளம் வருவதில் ஆச்சரியம் இல்லை. மழைக்காலத்தில் சோதிக்க வேண்டும், மழை ஓய்ந்து தரை காய்ந்த மாசி வாக்கில் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம் பொறுத்திருக்க யாருக்கும் மனம் வராது என்பது தெரிந்ததுதான்.

புதிதாகப் போட்ட தரைக்கு இன்னொரு குழப்பம். 28 நாள் கழித்துப் பெயிண்ட் அடிக்கலாம் என்று டின்னில் எழுதியிருக்கும். அந்த 28 நாள் கான்கிரீட் வலுவேறுவதற்கான கணக்கு. அதிலும் முதல் ஒரு வாரம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்போம். வலுவேறுவது வேறு, காய்வது வேறு. ஒரு பக்கம் மட்டும் காற்றுப்படும் கான்கிரீட் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் பிடிக்கும் என்பது கட்டுமானத் துறையின் பொதுவான கைக்கணக்கு. நாலு அங்குலத் தளத்துக்கு நாலு மாதம். கிரகப்பிரவேச நாள் குறித்தாகிவிட்டது என்று அவசரப்படும் வீடுகளில் பெயிண்டைத் தள்ளிப்போடுவதே மேல்.

ஈரத்துக்கு அடுத்தது காரம். புதுக் கான்கிரீட்டின் பி.எச். அளவு 12, 13 வரை போகும். நம் வீடுகளில் கைக்கு எட்டும் பெயிண்ட் எனாமல். ஜன்னல் கம்பிக்கு அடித்தது பாதி டின் மீந்திருக்கும். எனாமலின் உடம்பு எண்ணெயிலிருந்து வருவது. எண்ணெயும் காரமும் தண்ணீரும் சேர்ந்தால் சோப்பாகும். சோப்புத் தொழிற்சாலையில் நடப்பதும் அதுதான். ஈரமுள்ள சிமெண்ட் தரைமேல் அடித்த எனாமலின் அடிப்பரப்பு மெல்ல மெல்லச் சோப்பாகி, பிசுபிசுத்துப் பிடிப்பை இழக்கிறது. வாசலில் தினமும் கோலம் போட நேரமில்லாமல் வெள்ளை எனாமலால் நிரந்தரக் கோலம் வரைந்த வீடுகளைப் பாருங்கள். தினமும் தண்ணீர் தெளிக்கும் இடம், மண்ணை ஒட்டிய சிமெண்ட், அதன்மேல் எண்ணெய்ப் பெயிண்ட். ஆண்டுக்கொரு முறை அதன்மேலேயே மறுபடி வரைந்துகொண்டிருக்கிறார்கள். அதே எனாமல் கோலம் மாடி வீட்டு வாசற்படியில் பல வருடம் கிடக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயு பழைய சிமெண்டின் மேற்பரப்பிலுள்ள காரத்தைத் தணித்துவிடுவதால், பழைய, உலர்ந்த தரை எனாமலை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ஈரம் கீழேயிருந்து புதுக் காரத்தைக் கொண்டுவந்து சேர்க்காத வரைக்கும்தான் அந்தப் பொறுமை.

கடையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. தரைக்கு ரெட் ஆக்சைடு வேண்டும் என்று பெயிண்ட் கடையில் கேட்டால் சில இடங்களில் இரும்பு கிரில்லுக்கு அடிக்கும் சிவப்பு ப்ரைமரை எடுத்து நீட்டுவார்கள். கொத்தனார் சொல்லும் ரெட் ஆக்சைடு சிமெண்டில் கலக்கும் காவிப் பொடி. கடைக்காரர் நீட்டுவது எண்ணெயில் கரைத்த உலோகப் பூச்சு. நிறம் ஒன்றுதான். இரண்டாவதைத் தரையில் அடித்தால் எனாமலுக்கு நேர்வதெல்லாம் அதற்கும் நேரும், இன்னும் சீக்கிரமாக.

அந்தக் காவிப் பொடித் தரையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் இன்று பெயிண்ட் அடிக்க நினைக்கும் தரைகளில் பெரும்பாலானவை அவைதான். சிமெண்ட் நம் பக்கம் வந்து நூறாண்டுக்குச் சற்று மேல் ஆகிறது. சென்னையில் 1904இல் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி நடந்து நிலைக்காமல் போனது, 1914இல் போர்பந்தரில்தான் இந்தியச் சிமெண்ட் தொழில் காலூன்றியது. சாணம் மெழுகிய தரையும் சுண்ணாம்புத் தரையும் இருந்த இடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை வந்தது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், வங்காளம் என்று நாட்டின் பல மூலைகளில் அது நடுத்தர வீட்டின் அடையாளமானது. லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிய சிக்கன வீடுகளிலும் அதற்கு இடம் இருந்தது. இலங்கையிலும் சிவப்புச் சிமெண்ட் தரைக்கு மெழுகு போட்டு, பாதித் தேங்காய் மட்டையைக் காலால் அழுத்தி ஆட்டி மினுக்கும் வழக்கம் வீடுதோறும் இருந்தது.

இந்தத் தரையின் நிறம் மேலே பூசியது கிடையாது. கான்கிரீட்டின் மேல் போட்ட கலவை இறுகும் முன்பே, சிமெண்டும் இரும்பு ஆக்சைடு பொடியும் சலித்துக் கலந்த கூழைப் பரப்பி, கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். எப்போது தேய்க்க ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கொத்தனார்கள் இருந்தார்கள். சீக்கிரம் தொடங்கினால் தண்ணீர் மேலே கக்கி மேல்தோல் பலவீனமாகும். தாமதித்தால் கரணை இழுத்த தடம் அப்படியே நிற்கும். பிறகு ஒரு வாரம் தண்ணீர் கட்டி, காய்ந்ததும் தேங்காய் எண்ணெயோ மெழுகோ தேய்ப்பார்கள். இரும்பு ஆக்சைடு காரத்தாலும் வெயிலாலும் மாறாத நிறமி. அதனால்தான் ஐம்பது வருடத் தரையிலும் பீரோவை நகர்த்திய இடத்தில் சிவப்பு அப்படியே இருக்கிறது. மஞ்சளுக்கும் பச்சைக்கும் வெள்ளைச் சிமெண்ட் சேர்ப்பார்கள், சாம்பல் சிமெண்டில் அவை அழுக்காகத் தெரியும் என்பதால். எல்லா நிறமும் இந்த வேலைக்கு ஆகாது: பிரஷ்யன் நீலம் சிமெண்டின் காரத்தில் சிதைந்து வெளிறிவிடும்.

ஆத்தங்குடிக் கல்லும் இதே குடும்பம்தான். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகிலுள்ள அந்த ஊரில் கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, நிறமி கலந்த சிமெண்ட் கூழை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது. பூ வேலைப்பாடு சில மில்லிமீட்டர் தடிமனுக்கு உள்ளே இறங்கியிருப்பதால் கால் பட்டுத் தேயத் தேயவும் பூ அழிவதில்லை. செட்டிநாட்டு வீடுகளில் இவற்றின்மேல் பல தலைமுறைகள் நடந்தாகிவிட்டது. படலம் என்று தனியே ஒன்று இருந்தால்தானே உரிவதற்கு.

இப்படிப்பட்ட சிவப்புத் தரைமேல் பெயிண்ட் அடிக்க நினைப்பவர் மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். பல வருட எண்ணெயும் மெழுகும் துளைகளில் ஊறியிருக்கும். கரணையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய பரப்பில் பெயிண்டுக்குப் பிடிமானம் இருக்காது. அடியில் ஈரத் தடுப்பு இருக்காது. முதல் தடையை அறிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்: சொட்டு உருண்டு நின்றால் மெழுகு இருக்கிறது, நிமிடத்தில் உறிஞ்சினால் இல்லை. என் கருத்து வெளிப்படையானது: விரிசல் விடாத, மங்கல் மட்டுமே ஏறிய சிவப்புத் தரையைப் பெயிண்டால் மூடுவது வீண் வேலை. மொசைக் பாலிஷ் போடும் மிஷினைக் கொண்டு சன்னக் கல்லில் ஒரு ஓட்டு ஓட்டி, கழுவிக் காயவைத்து மெழுகு தேய்த்தால் போதும். பெயிண்டுக்காக ஆசிட் ஊற்றிவிட்டால் அந்தப் பழைய மெருகு திரும்ப வராது. மேல்தோலிலுள்ள சிமெண்டை ஆசிட் தின்று, தரை திட்டுத் திட்டாக வெளிறிவிடும்.

ஏற்கெனவே பொடி உதிரும் சாம்பல் நிறச் சிமெண்ட் தரைதான் பெயிண்டுக்கு நியாயமான வேட்பாளர். அதிலும் முதலில் ஒரு மரக்கட்டையாலோ நாணயத்தாலோ அறை முழுதும் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தில் மேல்பூச்சு அடித்தளத்தை விட்டு எழும்பியிருக்கிறது. அங்கே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் பூச்சோடு சேர்ந்து பெயரும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுக் கலவை போட்டாக வேண்டும். மயிரிழை விரிசலை எபாக்ஸி பட்டியால் அடைக்கலாம். வருடா வருடம் அகலும் விரிசல் அஸ்திவாரத்தின் பிரச்சினை, பெயிண்டர் தீர்க்கக்கூடியது அல்ல.

பரப்பைத் தயார் செய்ய இரண்டு வழிகள்: ஆசிட், அல்லது அரைத்தல். ஆசிட் மலிவு என்பதால் எல்லோரும் அதற்கே போகிறார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றினால் நுரை பொங்கும். மேற்பரப்பின் பலவீனமான பால் அடுக்கு கரைந்து, தொட்டால் சன்னமான உப்புத்தாள்போல் சொரசொரப்பாகும். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையில் அன்றே ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. பக்கத்து அறையிலிருக்கும் பீரோ, ஃபிரிட்ஜ், ஜன்னல் கம்பி ஆகியவை ஆசிட் ஆவியில் துருப்பிடிப்பதையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. வேலை முடிந்ததும் சோடா உப்புக் கரைசலால் தணித்து, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆசிட்டும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும் உப்பு. கழுவாமல் விட்டால், ஈரத்தை விரட்ட வந்தவர் ஈரத்தை வரவழைக்கும் உப்பைத் தரையில் தூவிவிட்டுப் போனதாகும். மெழுகு ஊறிய தரையில் ஆசிட் நுரைக்கவே நுரைக்காது, அதன்மேல் எத்தனை பாட்டில் ஊற்றினாலும்.

அதனால் அரைப்பதுதான் நல்லது. அதற்கென்று தனி மிஷின் தேட வேண்டாம். மொசைக் தேய்ப்பவர்களிடம் இருப்பதே போதும். முரட்டுக் கல்லோடு நிறுத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும், மெருகு ஏற்றிவிட்டால் பெயிண்டுக்குப் பிடிமானம் போய்விடும். தண்ணீர் விட்டு அரைப்பதால் தூசி எழாது. கையில் பிடிக்கும் கிரைண்டரால் உலர்வாக அரைப்பது வேகமான வேலைதான், ஆனால் அதில் கிளம்பும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுப்பது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பழைய தரையானால் இன்னும் கவனம் தேவை. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதை உலர்வாகச் சுரண்டக் கூடாது.

இனி டின்கள். அக்ரிலிக் தரைப் பெயிண்ட் தண்ணீரில் கரைவது, வாடை குறைவு, காரத்தைத் தாங்கும், ஓரளவு ஈர ஆவியை வெளியே விடும். தேய்மானம்தான் அதன் குறை. கதவருகே, சமையலறை மேடைக்கு முன்னால், நாற்காலிக் கால் இழுபடும் இடத்தில் இரண்டு வருடத்தில் பாதை விழும். ஆனால் பாதை விழுந்த இடத்தை மட்டும் கழுவித் தேய்த்து மறுபடி அடித்துக்கொள்ளலாம். வீட்டார் தாமே செய்துகொள்ள ஏற்றது இதுதான்.

எபாக்ஸி வேறு ஜாதி. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான், அமெரிக்காவின் சில்வன் கிரீன்லி இருவரும் 1930, 40களில் உருவாக்கிய பிசின் வகை. ஒரு டின் பிசின், ஒரு டின் கடினமாக்கி, இரண்டையும் அளந்து கலந்ததும் வேதிவினை தொடங்கிவிடும். கார் நிறுத்துமிடம், பட்டறை, மருத்துவமனை என்று கடுமையாகப் புழங்கும் தரைகளில் அதன் உழைப்புக்கு ஈடில்லை. கலந்தபின் கையாளக் கிடைக்கும் நேரம் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும். குளிர்நாட்டுக் கணக்கில் அச்சிட்ட நாற்பது நிமிடம் மதுரையின் சித்திரை மதியத்தில் இருபதுக்கும் கீழே போய்விடும். ரோலர் பாதி அறையைத் தாண்டும் முன் வாளியில் கல்லாக இறுகும். கடற்கரை ஊர்களில் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. தரையின் வெப்பம் காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடினமாக்கியிலுள்ள அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே எண்ணெய்ப் பிசுக்காகப் படரும், அடுத்த பூச்சு அதில் ஒட்டாது. வெயில் பட்டால் மஞ்சளாகும் என்பதால் எபாக்ஸி மொட்டைமாடிக்கும் திறந்த முற்றத்துக்கும் ஆகாது. அங்கே மேலே பாலியூரித்தேன் பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். பாலியூரித்தேன் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. ஒரே டின்னில் வந்து எபாக்ஸி என்று பெயர் சொல்லும் பெயிண்டுகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கொஞ்சம் எபாக்ஸி சேர்த்த அக்ரிலிக். விலையை அதற்குத் தக்கபடி எடைபோடுவது நல்லது.

சுவருக்கான சிமெண்ட் பெயிண்டைத் தரையில் அடிப்பது பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு மாதத்தில் உள்ளங்காலெல்லாம் வெள்ளையாகும்.

டின்னின் மேல் எழுதிய பரப்பளவை எப்படி நம்புவது என்பதற்கு ஒரு கணக்கு. பத்துக்குப் பத்தடி அறை என்பது 100 சதுர அடி, 9.3 சதுர மீட்டர். ஒரு லிட்டரை அதில் சீராகப் பரப்பினால் ஈரமாக இருக்கும்போது தடிமன் 107 மைக்ரான், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் பருமன். டின்னில் பாதிதான் திடப்பொருள், மீதி தண்ணீரோ தின்னரோ என்றால் காய்ந்தபின் 54 மைக்ரான். ஒரு லிட்டர் 150 சதுர அடிக்கு வரும் என்று சொல்லும் டின்னை வாங்கி ஒரே கோட்டில் முடித்தவர், 36 மைக்ரான் தோலின்மேல் கேஸ் சிலிண்டரை உருட்டிப் போகிறார். டின் எத்தனை சதுர அடி போகும் என்பதைவிடத் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி. பெரும்பாலான கடைகளில் அதற்குப் பதில் கிடைக்காது. நிறுவனத்தின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும்.

நம் வீடுகளில் தரை என்பது வெறுங்காலில் நடப்பதற்கும், உட்கார்ந்து சாப்பிடுவதற்கும், காய் நறுக்குவதற்கும், படுத்து உறங்குவதற்கும் ஆனது. காலணியோடு நடக்கும் நாடுகளின் தரைப் பெயிண்ட் பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்வது இந்த இடத்தில் பொருந்தாது. பளபளக்கும் எபாக்ஸி, ஈரத் துணி போட்டுத் துடைத்த கையோடு வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீட்டில் கடைசிப் பூச்சில் சன்னமான சொரசொரப்புப் பொடி கலப்பது கட்டாயம். அதிகம் கலந்தால் துடைக்கும் துணி கிழியும், அழுக்கும் ஏறும், வெறுங்காலுக்கும் உறுத்தும். பெயிண்டின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: புளியும் எலுமிச்சையும் வெறும் சிமெண்டை அரிக்கும், சமையலறைத் தரையில் சாம்பார் கொட்டிய இடம் சொரசொரத்துப் போவதைப் பார்த்திருக்கலாம். எபாக்ஸி அதைத் தாங்கும். மஞ்சள் கறையை மட்டும் இரண்டுமே தாங்காது, வெளிர்நிறம் எடுத்தவர்கள் புலம்புவார்கள். சிலிண்டர் அடிவளையத்தின் துருவும் அப்படித்தான். ஒரு சக்கரத் தாங்கி வாங்கிவைப்பது அந்தக் கவலைக்கு முடிவு.

ஈரம் ஏறும் கீழ்த்தளத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் படலம் போடாத வழிகள் முன்னால் வருகின்றன. சோடியம், லித்தியம் சிலிக்கேட் கரைசல்கள் தண்ணீர்போலத் தரைக்குள் இறங்கி, அங்குள்ள சுண்ணாம்போடு வினைபுரிந்து, சிமெண்ட் இறுகும்போது உண்டாகும் அதே வகைப் பொருளாக மாறித் துளைகளைக் குறுக்குகின்றன. பொடி உதிர்வது நிற்கிறது, மேற்பரப்பு கெட்டிப்படுகிறது. மேலே தோல் எதுவும் இல்லாததால் ஈர ஆவி தன்பாட்டுக்கு வெளியேறுகிறது, உரிவதற்கும் ஒன்றுமில்லை. நிறம் வேண்டுமென்றால் துளைக்குள் இறங்கும் சாயக் கரைசல்கள் உண்டு. உலோக உப்புகள் சுண்ணாம்போடு சேர்ந்து பழுப்பும் செம்மையுமாகத் திட்டுத் திட்டாக நிறம் பிடிக்கும். சீரான ஒரே நிறம் எதிர்பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது. உப்புப் பூக்கும் தரையில் இவையும் உப்பை நிறுத்தாது. துடைத்தால் போகும் பூப்பாக அது இருக்கும், அவ்வளவுதான். ஈரத்தையே அடைக்கும் எபாக்ஸி ப்ரைமர்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றுக்கு ஆழமான அரைப்பும் தடிமனான பூச்சும் வேண்டும். அதோடு, தரையில் தடுக்கப்பட்ட ஈரம் சுவரின் அடிப்பகுதி வழியாக ஏறத் தொடங்கினால் வீட்டுக்காரருக்கு வேறொரு செலவு காத்திருக்கும்.

பழைய தரைமேல் மறுபடி ரெட் ஆக்சைடு கூழ் ஊற்றித் தேய்த்துக் கொடுப்பதாகச் சில கொத்தனார்கள் சொல்வதுண்டு. இறுகிப்போன மழமழப்பான தரையின்மேல் இரண்டு மில்லிமீட்டர் சிமெண்ட் கூழ் ஒட்டி நிற்காது. காய்ந்ததும் ஓடாகப் பெயரும். பழைய பரப்பைக் கொத்திவிட்டு, நனைத்து, முக்கால் அங்குலமாவது புதுக் கலவை போட்டு, அது இறுகும் முன் நிறக்கூழ் தேய்த்தால்தான் பழைய தரம் வரும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. கிடைத்தால், ஈரமுள்ள கீழ்த்தளத்துக்கு எபாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தை அவர்களிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். மாடி அறைக்கும், பால்கனிக்கும், பொடி உதிரும் ஸ்டோர் ரூமுக்கும் பெயிண்ட் போதும்.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்து, பாதி உரிந்து, பாதி ஒட்டியிருக்கும் தரைதான் எல்லாவற்றையும்விடக் குழப்பமானது. உரிந்த இடத்தில் மட்டும் தொட்டுக்கொடுக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் பிளேடிலும் டேப்பிலும் இருக்கிறது. நன்றாக ஒட்டியிருப்பதாகத் தோன்றும் மூன்று நாலு இடங்களில் தரைவரை இறங்கும்படி பிளேடால் பெருக்கல் குறிபோல் கீறி, மேலே அழுத்தமான டேப்பை ஒட்டி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். கீறலின் ஓரம் மட்டும் நூலிழை வந்தால் மீதிப் பெயிண்ட் உறுதியானது; உப்புத்தாளால் மெருகை எடுத்துவிட்டு மேலேயே அடிக்கலாம். துண்டாகக் கழன்று வந்தால் அறை முழுவதையும் சுத்தமாக எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது செதில்களின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை உப்பு ஒட்டியிருந்தால் அந்த அறைக்கு இன்னொரு டின் வாங்க வேண்டாம்.